ஓடாத குதிரைக்கு ஒரு முன்னோட்டம்

வருடத்தில் ஒரு வாரம் நான் எழுத்தாளன். மற்ற நாட்களில் ஜெர்மனியில், வால்டோர்ஃபில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவன். எழுத்தாளனாகும் வாரம் மே மாதத்தில் வரும். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் ஒரு பழைய குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குதிரைகள் சும்மா ஓடாமல் புதர்வேலியும் பள்ளமும் தாண்டி ஓடுகிற பந்தயங்கள் நடக்கும். எது ஜெயிக்கும், எது மூச்சு வாங்கிப் பின்தங்கும், எது வேலியைக் கண்டதும் இந்த வேலையே எனக்கு வேண்டாம் என்று நின்றுவிடும் என்பதையெல்லாம் முந்தின வெள்ளிக்கிழமையே எழுதிவிடுவேன். முன்னோட்டம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். இங்குள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அதைப் போடுவேன். யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் போடுவேன்.

அந்தக் குழுவில் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதிப் பேர் வேலை மாறி மியூனிக் போய்விட்டார்கள், சிலர் பெங்களூருக்கே திரும்பிவிட்டார்கள். யாரும் குழுவை விட்டு வெளியேறவில்லை, யாரும் பேசுவதும் இல்லை. பொங்கலுக்கு ஒரு பானைப் படம் வரும், தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம் வரும், மே மாதத்தில் என் முன்னோட்டம் வரும். யாராவது ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அவர் படித்துவிட்டுத்தான் காட்டுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பரம்பரை ரேஸ் பைத்தியம் என்று யாரும் என்னை நினைக்க வேண்டாம். சென்னையில் இருந்தவரை கிண்டி ரேஸ் கோர்ஸை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே வந்த புதிதில் ஆபீஸில் யாரோ மூன்று இலவச டிக்கெட் கொடுத்தார்கள். நான், மனைவி, மகள் மூவரும் தயிர் சாதம் கட்டிக்கொண்டு போனோம். போன இடத்தில் நேரம் போக ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆளுக்கொரு குதிரை, கடைசியில் தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். நான் பழைய முடிவுகளைப் படித்து, எடையைப் பார்த்து, மூளையைக் கசக்கித் தேர்ந்தெடுப்பேன். மகள் குதிரையின் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாள். மனைவி பார்க்கவே மாட்டாள். எந்த ஓட்டமானாலும் ஏழாம் எண். "ஏன் ஏழு?" என்றால், "ஏன் கூடாது?" என்பாள். என் ஆராய்ச்சியைக் கேலி செய்வதற்கென்றே அவள் கண்டுபிடித்த முறை அது. ஏழு பல தடவை ஜெயித்து, நான் பல தடவை பாத்திரம் கழுவினேன்.

ஜெர்மனியில் குதிரைக் குட்டிக்கு அதன் தாயின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள். இதை ஒருநாள் மகளுக்குச் சொன்னபோது, "அப்ப எனக்கு ஏன் அம்மாவோட எழுத்து இல்ல?" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். அன்று முதல் பந்தய அட்டையில் இருக்கும் குதிரைகளின் அம்மா பெயர்களையெல்லாம் தேடிப் படிப்பது அவள் வேலையாயிற்று. அப்படிப் படித்துப் படித்தே ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொண்டாள்.

அவளுக்குப் பதினொரு வயதானபோது இருவரும் சென்னைக்குப் போனார்கள். மனைவியின் அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை, மகளின் படிப்பும் ஒரு காரணம். இரண்டு வருடம் என்றுதான் பேசினோம். அதன்பிறகு அது மூன்றாகி, நான்காகி, இப்போது அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை இருந்திருந்தால் பேசவாவது செய்திருப்போம். பள்ளிக் கட்டணம், பாஸ்போர்ட் புதுப்பிப்பு, வீட்டு வரி என்று வேலை விஷயங்களை மட்டும் அவள் எழுதுவாள், நான் "ஓகே" என்று பதில் போடுவேன். மூன்று அறை வீட்டில் ஒரு அறையைத்தான் நான் உபயோகிக்கிறேன். மகளின் அறையில் துணி உலர்த்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் பேசுவாள். இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் "ம்", "நல்லாருக்கேன்", "சாப்ட்டேன்" என்று போகும். குதிரையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவள் குரல் மாறும், கேள்வி கேட்பாள், சிரிப்பாள். அந்தக் குதிரையைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அவர்கள் போன பிறகு வந்த முதல் மே மாதம் அது. மைதானத்தில் தனியாக நின்று, ஓட்டத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் வளையத்தருகே இருந்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். புதுப் பள்ளிக்கூடம் லீவில் நடத்தும் சிறப்பு வகுப்பில் ஒருத்தியும் தன்னோடு பேசுவதில்லை என்று அந்த வாரம் முழுக்க அழுதுகொண்டிருந்தாள். படங்களில் ஒரு சாம்பல் நிறக் குதிரை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஏழு வயதுக் குதிரை, நெற்றியில் கறை பட்டதுபோல் ஒரு கறுப்புப் புள்ளி. செக் நாட்டிலிருந்து இரவெல்லாம் வண்டியில் வந்தது. "இதுதான் என் குதிரை" என்று எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்தாள். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் அம்மாவின் பெயர் தொடங்கும் எழுத்தில்தான் அதுவும் தொடங்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது சுற்றில், அகலப் பள்ளத்தைத் தாண்டி இறங்கும்போது அந்தக் குதிரை விழுந்தது. ஜாக்கி எழுந்துவிட்டார். குதிரை எழவில்லை. நான்கைந்து பேர் ஓடிப்போய்ப் பச்சைத் துணி கட்டிய சட்டங்களை நிறுத்தி மறைத்தார்கள். எழ முடியாத குதிரையை அந்தப் பச்சைத் துணிக்குப் பின்னால்தான் ஊசி போட்டு முடிப்பார்கள் என்று மைதானத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். ஒலிபெருக்கியில் அடுத்த ஓட்டத்தின் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது.

மாலையில் மகள் கூப்பிட்டாள். "என் குதிரை என்னாச்சுப்பா?" வாயைத் திறந்தேன். "ரெண்டாவது வந்துச்சு" என்று தானாக வந்தது. அவள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் ஜெர்மனியில் தனக்கொரு குதிரை இருப்பதாகச் சொன்னாளாம், நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களாம். அவளுக்கு முதல் சிநேகிதி கிடைத்தது அன்றுதான். இதைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல எந்த அப்பனுக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை.

அடுத்த மே மாதம் வந்ததும் அவள் கேட்டாள், "என் குதிரை ஓடுதா?" அதிலிருந்துதான் இரண்டு முன்னோட்டங்கள் எழுதத் தொடங்கினேன். ஒன்று குழுவுக்கு. இன்னொன்று மகளுக்கு மட்டும், அதே முன்னோட்டம், அன்றைய முக்கியப் பந்தயமான பெரிய ஓட்டத்தில் ஒரு குதிரை அதிகம்.

பொய்தானே, நாலு வரி கிறுக்கி அனுப்பலாம் என்று நான் இருக்கவில்லை. எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. உயிரோடு இருக்கும் குதிரைகளுக்கு ஒரு மாலை என்றால், செத்த குதிரைக்கு மூன்று மாலை செலவழித்தேன். சாம்பல் குதிரைகள் வயதாக ஆக வெளுக்கும். எனவே, "நம்ம ஆள் இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கிறான், நெற்றிப் புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது" என்று எழுதினேன். குளிர்காலத்தில் முழங்காலில் லேசான வீக்கம் வந்து குணமாயிற்று என்று எழுதினேன். தரை இறுகியிருந்தால் அவனுக்குக் கஷ்டம், நெகிழ்ந்திருந்தால் வசதி. எடை எவ்வளவு சுமக்கிறான், எந்த ஜாக்கி, முதல் சுற்றில் எங்கே பதுங்குவான், எல்லாம் எழுதினேன். ஞாயிறு மாலை அவள் கேட்டபோது, மூன்றாவது வந்தான் என்று முடித்தேன்.

அதற்கடுத்த வருடம்தான் புத்தி கெட்டுப்போனது. முன்னோட்டம் எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு, தான் சொன்ன குதிரை ஜெயிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. குழுவுக்கு நான் சொன்ன குதிரைகள் அந்த முறை ஒன்றுகூட வரவில்லை. மகளின் முன்னோட்டத்தில், "இந்த முறை நம்ம சாம்பலைத் தாண்டி யோசிக்க என்னால் முடியவில்லை" என்று எழுதியிருந்தேன். ஞாயிறு மாலை அவள் கேட்டதும், "கழுத்தளவு வித்தியாசத்தில் ஜெயிச்சுட்டான்!" என்று சொல்லிவிட்டேன். செத்த குதிரையை ஜெயிக்க வைத்தேன். "நிஜமாவா?" என்றாள். "நிஜமாத்தான்" என்றேன். "சூப்பர்ப்பா" என்றாள். சிநேகிதிகளிடம் சொல்ல வேண்டும் என்று அவசரமாகப் போனை வைத்தாள்.

போன வருடம் நான்காவது வந்தான், வயதாகிறதல்லவா. அப்போது மகள் நிறையக் கேள்வி கேட்டாள். "இன்னும் வெளுத்துட்டானாப்பா? அந்தப் புள்ளி இருக்கா? குளிர்ல என்ன சாப்பிடறான்?" அவள் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்று நாற்பது நிமிடம் பேசினோம்.

இந்த ஏப்ரலில் அவளிடமிருந்து ஒரு செய்தி. "அப்பா, என் குதிரைக்கு இப்ப வயசு என்ன? இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?"

பதினொன்று. கணக்குப் போட்டுப் பார்த்தபோது பயம் வந்தது. இப்படியே அதைப் பதினைந்து வயதுவரை ஓட்ட முடியாது. அவளுக்கும் பதினைந்து வயது ஆகிவிட்டது, ஜெர்மன் வாசிக்கத் தெரியும், பந்தய முடிவுகள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். என்றைக்காவது தேடினால் நான் அம்பேல். என் பயம் பொய் சொன்னதற்காகத் திட்டு வாங்குவது பற்றி அல்ல. குதிரை போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடமும் "ம்", "நல்லாருக்கேன்" ஆகிவிடும். பிறகு இருபது நிமிடம் ஐந்தாகும். அதற்குப் பிறகு என்னாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அவள் அம்மா விஷயத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். "நம்ம சாம்பல் இந்த வருஷத்தோடு ஓய்வு. மலையடிவாரத்தில் ஒரு பண்ணையில் புல் மேய்கிறான்" என்று எழுதி வைத்தேன். நன்றாக வந்திருந்தது. கண்கூடக் கலங்கியது எனக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் லீவு போட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். முன்னோட்டம் எழுதுவதற்கு முன் ஓடுபாதையை ஒரு சுற்று நடந்து பார்ப்பேன், கையில் நீளக் குடை. மற்றவர்கள் மழைக்குக் குடை எடுப்பார்கள், நான் தரையைக் குத்திப் பார்க்க எடுப்பேன். முனை எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எடுக்கும்போது மண் ஒட்டுகிறதா என்று பார்த்தால் போதும், யார் தம் பிடித்து ஓடுவார் என்று பாதி தெரிந்துவிடும். அன்று மண் நெகிழ்ந்திருந்தது. அகலப் பள்ளத்துக்கு அந்தப்புறம் வந்ததும் கால் நின்றுவிட்டது. குடையை அங்கே மட்டும் குத்த மனம் வரவில்லை. நான்கு வருடமாக அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நுழைவாயிலுக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வண்டிக்காரர் தன் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கெல்சென்கிர்ச்சனிலிருந்து சந்தை, திருவிழா, பந்தயம் என்று ஊர் ஊராக வண்டியோடு போகிறவர். என் முன்னோட்டத்தை நம்பிப் பணம் கட்டுகிற ஒரே ஆத்மா.

"வாங்கோ தம்பி. தரை என்ன சொல்லுது? போன முறை நீங்கள் சொன்ன குதிரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கெண்டு கேள்வி" என்றார்.

சிரிப்பதற்குப் பதில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மகள், சாம்பல், இரண்டு முன்னோட்டங்கள், மலையடிவாரப் பண்ணை எல்லாம். அவர் எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஓம், எனக்கும் நினைவிருக்கு. பச்சைத் துணி பிடிச்சவை. என்ர வண்டிக்கு நேர முன்னாலதான்." துடைத்த துணியை உதறினார். "சரி, பண்ணைக்கு அனுப்புறியள். அடுத்த மாசம் பிள்ளை ஒரு போட்டோ கேட்டால்?"

"வேற ஏதாவது சாம்பல் குதிரை..."

"நெத்திப் பொட்டுக்கு என்ன செய்வியள், மை பூசுவியளோ?"

கோபம்தான் வந்தது எனக்கு. இந்த மனிதருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே ரயிலேறினேன். ஆனால் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தபோது அந்தப் பண்ணைப் பத்தியை என்னால் படிக்கவே முடியவில்லை. அழித்தேன். அந்த இடத்தில் இப்படி எழுதினேன்:

"உன் குதிரை இந்த ஓட்டத்தில் இல்லை. நீ அதைத் தேர்ந்தெடுத்த அன்றே, பள்ளத்தைத் தாண்டி இறங்கும்போது விழுந்து செத்துப்போனது. ரெண்டாவது வந்தது என்று நான் சொன்னது பொய். அதற்குப் பிறகு சொன்னது எல்லாமே பொய். நீ அன்றைக்கு அழுதுகொண்டிருந்தாய், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு நீ அதைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடித்துப்போனது, அதனால் சொல்லவில்லை. மன்னித்துவிடு."

குழுவுக்கான முன்னோட்டத்தை அனுப்பினேன். அவளுக்கானதை அனுப்பினேன். அனுப்பிய பிறகு போனைச் சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

சனிக்கிழமை காலை பார்த்தபோது டிக் நீலமாகியிருந்தது. படித்துவிட்டாள். பதில் இல்லை. மதியம் இல்லை, மாலையும் இல்லை. கடைக்குப் போய்ப் பால் வாங்கினேன், அடுப்பைத் துடைத்தேன், மகள் அறையில் உலர்ந்த துணியை மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். ஒரு தடவை அவளைக் கூப்பிடலாம் என்று பெயர்மேல் விரல் வைத்து எடுத்துவிட்டேன். எடுத்துப் பேசினால் என்ன சொல்வாள் என்பதைவிட, எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். அன்று பேசின ஒரே வார்த்தை பால் வாங்கின இடத்தில் சொன்ன நன்றி.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மைதானம் நிறைந்திருந்தது. தொப்பி போட்ட பெண்கள், நாய்கள், தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தைகள். எல்லோரும் யாரோடாவது வந்திருந்தார்கள். நான் குடையோடு வந்திருந்தேன். முதல் தாண்டும் ஓட்டத்தில் நான் சொன்ன குதிரை சுலபமாக ஜெயித்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், சொல்வதற்கு ஆள் இல்லை. வறுவல் வண்டிக்காரர் தூரத்திலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

பெரிய ஓட்டம் நாலரை மணிக்கு. சென்னையில் இரவு எட்டு. குதிரைகள் நடைவளையத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நான் தேர்ந்தெடுத்திருந்த செம்பழுப்புக் குதிரை காதை நிமிர்த்தி, கழுத்தில் வியர்வை இல்லாமல், ராஜா மாதிரி நடந்தது. அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து ஒரு குரல் செய்தி, இரண்டு நிமிடத்துக்கு மேல்.

ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வறுவல் வண்டியின் பின்பக்கம் போய், எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவில் நின்று காதோடு அழுத்திக் கேட்டேன்.

"அப்பா... எனக்கு தெரியும்பா. ரெண்டு வருஷம் முன்னாடியே தெரியும். ஜெயிச்சுட்டான்னு சொன்னியே, அன்னிக்கு ஃப்ரெண்ட்ஸுக்கு காட்டலாம்னு வீடியோ தேடினேன். அதுல அவன் இல்ல. அப்புறம் பழைய வருஷம் எல்லாம் தேடி, அது செத்துப்போனதையும் படிச்சேன். அழுதேன். அம்மாகிட்ட போய் சொன்னேன். அம்மாவுக்கு எனக்கு முன்னாடியே தெரியும். குரூப்ல நீ போடறத அம்மா படிப்பாப்பா, ஒவ்வொரு வருஷமும். அதுல என் குதிரை இல்லையே, எனக்கு அனுப்பறதுல மட்டும் இருக்கேன்னு அப்பவே கண்டுபிடிச்சுட்டா. நான் உன்கிட்ட கேக்கறேன்னு சொன்னேன். வேண்டாம், கேக்காதேன்னா. 'அவர் அங்க தனியா உக்காந்து ஒரு வாரம் அதை எழுதறார், அதையும் எடுத்துட்டா அவருக்கு அங்க வேற என்ன இருக்கு'ன்னு சொன்னா. அதான்பா நிறைய கேள்வி கேட்டேன். இந்த வருஷம் வயசு கேட்டேனே, நீ அவன ரிட்டயர் பண்ணிடுவேன்னு நினைச்சேன். நீ நேரா சொல்லிட்ட. நேத்து என்ன பதில் போடறதுன்னு தெரியல, அதான் லேட்டு. இனிமே எனக்குன்னு வேற எழுத வேண்டாம்பா. என்னையும் குரூப்ல சேர்த்துடு. ஓகேவா? சரி, இந்த ஓட்டத்துல யாரு? சீக்கிரம் சொல்லு."

இரண்டாவது முறையும் கேட்டேன். மூன்றாவது முறை பாதியில் நிறுத்தினேன்.

முதலில் வந்தது வெட்கம். காது மடல் வரை சூடாகிவிட்டது. நாற்பது குதிரைகளின் பழைய கணக்கைத் தலையில் வைத்திருக்கிறேன். எந்தக் குதிரை எந்த வேலியில் இடதுபக்கம் சாயும் என்று சொல்வேன். அந்தக் குழுவில் என் மனைவி இருக்கிறாள் என்பது நாலு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. குழுவை ஆரம்பித்த அன்றே அவளும் சேர்ந்தவள்தான். நான் இங்கே உட்கார்ந்து குழந்தைக்கு ஆறுதல் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே இரண்டு பேர் உட்கார்ந்து எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று படித்துக்கொண்டிருந்தார்கள். "அவருக்கு அங்க வேற என்ன இருக்கு." அது அவள் குரலிலேயே கேட்டது. கோபப்பட்டுச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அதுதான் வலித்தது.

அடுத்தது, இனி எழுத வேண்டாம் என்று அவள் சொன்னது. மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆனால் சாப்பிட்டு முடிக்குமுன் யாரோ இலையை எடுத்துவிட்டதுபோல் இருந்தது. அந்த மூன்று மாலைகள் இனி கிடையாது. எண்ணெய் டப்பாவின் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"உங்கட செம்பழுப்பு வந்ததோ?" வறுவல் வண்டிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

அப்போதுதான் தெரிந்தது, பெரிய ஓட்டம் முடிந்துவிட்டது. கூட்டம் கத்தியதுகூட என் காதில் விழவில்லை.

"தெரியாதுண்ணா. நான் பாக்கல."

"கிழிஞ்சுது போங்கோ" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத் தட்டில் வறுவலைப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

மகளைக் குழுவில் சேர்த்தேன். ஒரு வரி எழுதினேன்: "பெரிய ஓட்டத்தை நான் பார்க்கவில்லை. முடிவு தெரியாது. கடைசி ஓட்டம் இன்னும் இருபது நிமிடத்தில். அதுவும் வேலி தாண்டும் ஓட்டம்தான், ஏழு குதிரைகள்." நாற்பது பேர் இருக்கும் இடத்தில், பொங்கல் பானைக்கும் தீபாவளி விளக்குக்கும் நடுவில், இந்த உளறலை யார் சட்டை செய்யப் போகிறார்கள் என்று தெரிந்தேதான் போட்டேன்.

மகள் ஒரு சிரிப்பு முகம் போட்டாள். குதிரைகள் வளையத்துக்கு வரத் தொடங்கின. நான் வேலியோரம் வந்து நின்றேன். போன் மறுபடி அதிர்ந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் குழுவில் ஒரு வார்த்தைகூட எழுதாத ஓர் எண்ணிலிருந்து ஒரு செய்தி.

"7."

அவ்வளவுதான். பள்ளிக் கட்டணம் இல்லை, வீட்டு வரி இல்லை.

ஏழாம் எண்ணைப் பார்த்தேன். கறுப்புக் குதிரை, தலையைத் தொங்கப்போட்டு, வாலை ஆட்டக்கூடச் சோம்பல்பட்டு நடந்தது. என் முன்னோட்டத்தில் அதைப் பற்றி, "மற்றவர்களுக்குத் துணைக்கு வந்திருக்கிறது" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தேன். அதையும் அவள் படித்திருப்பாள். பந்தயச் சீட்டு ஜன்னலுக்கு ஓடினேன். குடையை எங்கோ விட்டுவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு முந்திக்கொண்டு, ஏழின் மேல் இரண்டு யூரோ கட்டினேன். சீட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன்.

அந்த ஓட்டத்தை முழுசாகப் பார்த்தேன். ஏழு எல்லா வேலியையும் தாண்டியது, எதையும் அழகாகத் தாண்டவில்லை. கடைசி வேலியில் கொஞ்சம் தடுமாறி, ஜாக்கி கழுத்தைக் கட்டிக்கொண்டு, சமாளித்து வந்து சேர்ந்தது. என்னையறியாமல் தமிழில் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னாச்சுப்பா?" என்று மகள் குழுவில் கேட்டிருந்தாள். கீழே அவள் அம்மா டைப் செய்கிறாள் என்று காட்டியது, பிறகு நின்றது, பிறகு மறுபடி காட்டியது.

இரண்டாவது வந்தது என்று எழுத விரலுக்கு ஒரு நொடி போதும். நான்கு வருடப் பழக்கம்.

ஏழு ஐந்தாவதாக வந்தது. ஐந்தாவது என்றே எழுதினேன்.